வெள்ளையடிப்பதற்கு முன்

திருவண்ணாமலையில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கிச்சனையோ பாத்ரூமையோ இல்லை. "மாடியிலேர்ந்து தீபம் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். 2,668 அடி உயரத்து உச்சியில் கார்த்திகை தீபம் எரிவதை நடுவில் எந்தக் கட்டடமும் மறைக்காது. புரோக்கர் அண்ணன் படியேறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்கே ஒரு அஞ்சு லட்சம் சேர்த்துச் சொல்லலாம். மத்ததெல்லாம் ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா சரியாப் போயிடும்."

தாத்தா 1962இல் கட்டிய வீடு. அப்பா போன பிறகு அம்மா மட்டும் அதில் இருந்தார். அக்கா வேலூரில், நான் பெங்களூரில். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. அக்கா பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். விற்பதென்று மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தோம். அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் லேப்டாப்பில் ஒரு பட்டியல் போட்டேன். எந்த வேலை, எவ்வளவு செலவு, அதனால் விலை எவ்வளவு ஏறும். பெயிண்ட் 85 ஆயிரம். பாத்ரூம் டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட் 60 ஆயிரம். மாடிப்படிக்குக் கைப்பிடி 9 ஆயிரம். புரோக்கர் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கறவன் இடிக்கப் போறானா, குடியிருக்கப் போறானான்னு ஒரு கட்டம் போடலியே?"

அந்தக் கட்டம்தான் முக்கியம் என்று பிறகு புரிந்தது. இந்த ஊரில் வீடு வாங்க வருகிறவர்கள் ரெண்டு ரகம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, ரூம் கட்டி வாடகைக்கு விட நினைப்பவர்கள் ஒரு ரகம். கடைவீதியில் பாதி போர்டு இப்போது தெலுங்கிலும் இருக்கிறது. இவர்கள் கண்ணுக்கு வீடே தெரியாது. மனை அகலமும் தெரு அகலமும்தான் தெரியும். நாம் லட்ச ரூபாய் போட்டு மாடுலர் கிச்சன் செய்தாலும் அவர்களுக்கு அது இடிக்க வேண்டிய குப்பை. இன்னொரு ரகம், ரிட்டயர் ஆகி மலையைப் பார்த்தபடி இருந்துவிடலாம் என்று வருகிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், வழுக்காத பாத்ரூம் வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும். யார் வருவார்கள் என்று தெரியாமல் செலவு செய்வது சீட்டாட்டம் மாதிரி.

முதலில் போட்ட வில்லங்கச் சான்றே எங்களை உட்கார வைத்துவிட்டது. அப்பா எப்போதோ ஒரு வங்கியில் வீட்டை அடமானம் வைத்து, கடனையும் அடைத்துவிட்டார். அடைத்ததற்கான ரசீது ஆவணத்தை மட்டும் பதிவு செய்யவே இல்லை. காகிதத்தில் வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது. பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம், ரசீது ஆவணம் என்று நாலு மாசம் அலைந்தேன். செலவு பெயிண்டுக்கு ஆவதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அது இல்லாமல் வாங்குகிறவருக்கு வங்கி லோன் கொடுத்திருக்காது. எங்கள் பட்டியலில் காகிதம் என்ற வரியே இல்லாமல் இருந்தது.

ஆடிட்டரிடம் போனபோது இன்னொரு பாடம். 2001க்கு முன்னாடியே குடும்பத்திடம் இருந்த சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வீட்டோடு புதிதாகச் சேர்த்த கட்டுமானத்தின் செலவையும் லாபத்திலிருந்து கழிக்கலாம். 2008இல் அப்பா மாடியில் ஒரு ரூம் எடுத்தார். சிமெண்ட், கம்பி பில்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "பெயிண்ட் பில்லும் சேர்த்துக்கலாமா சார்?" என்றேன். "அது பராமரிப்பு. மேம்பாட்டுல வராது" என்றார்.

மேம்பாடு வேறு, பராமரிப்பு வேறு. மூன்றாவதாக ஒன்று இருப்பது கொத்தனார் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹாலுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கலை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு ஒட்டியிருப்பார்கள். ஒழுகுகிறதென்று இடையில் யாரோ மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்தில் இறங்கியிருக்கிறது. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில்தான் சுவரில் முதல் கறை தெரிந்தது. கொத்தனார் ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார். சத்தம் டொப் டொப்பென்று வந்தது. "ரெண்டு சட்டம் உள்ள கரையான் தின்னுட்டிருக்கு. இப்ப விழாது. எப்பன்னு சொல்ல முடியாது." மாற்ற ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகுமென்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. புரோக்கர் அண்ணன் வழி சொன்னார். "25 ஆயிரத்துல ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம். ஹால் ஷோவா இருக்கும். மரம் கண்ணுலயே படாது."

அக்கா உடனே சரி என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் மனசுக்குள் சரி என்றுதான் பட்டது. ஊரில் எத்தனை வீடு அப்படிக் கைமாறுகிறது? வாங்குகிறவர் வந்து பார்த்துத்தானே வாங்குகிறார்?

அம்மா அதுவரை பேசவே இல்லை. "வ.உ.சி. நகர்ல என்னா ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?" என்றார். அதே மழையில், டிசம்பர் 1 அன்று, மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மேல் சரிந்து, குழந்தைகளோடு சேர்த்து 7 பேர் செத்துப்போனார்கள். அந்த வருஷம் தீபத்துக்கு பக்தர்களை மலையேறவே விடவில்லை. "மல விழுந்தது யாருக்கும் தெரியாது. இது நமக்குத் தெரியுது. தெரிஞ்சே மூடி வெச்சு இன்னொருத்தர் தலயில கட்டறதா?"

பத்திரம் எழுதும் வக்கீலிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு என்றார். விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால், அதைச் சொல்வது விற்பவரின் கடமை. ஃபால்ஸ் சீலிங் அந்தக் குறையை எடுக்காது. கண்டுபிடிக்க முடியாததாக மட்டும் மாற்றும். ஆடிட்டரின் ரெண்டு வகையில் எதிலும் வராத மூன்றாவது வகை இதுதான். எங்கள் பட்டியலில் இருந்த பெயிண்டில் பாதிகூட, யோசித்துப் பார்த்தால், ஈரக்கறையை மறைக்கப் போட்டதுதான்.

கடைசியில் பாத்ரூமும் கைப்பிடியும் மட்டும் செய்தோம். பெயிண்ட் அடிக்கவில்லை. சட்டத்தை அப்படியே விட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் கொத்தனார் எழுதிய தாளை நீட்டினேன். மூன்று பேர் திரும்பி வரவில்லை. அக்கா ரெண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நாலாவதாக வந்த தம்பதி, சென்னையில் ரிட்டயர் ஆனவர்கள், தாளை ரெண்டு தடவை படித்தார்கள். "கூரை மொத்தமும் போச்சோன்னு பயந்தோம், ரெண்டு சட்டம்தானா?" என்றார் அந்த அம்மா. ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார்கள். கொத்தனார் சொன்னதைவிட நாற்பதாயிரம் அதிகம். கொடுத்தோம்.

நாங்களே கடன் வாங்கியாவது மாற்றியிருந்தால் அந்த நாற்பதாயிரம் மிஞ்சியிருக்கும் என்று அக்கா இன்றும் சொல்வாள். கணக்குப்படி அவள் சொல்வது சரிதான்.

ரெண்டு மாசம் கழித்து, விட்டுப்போன ஒரு கரண்ட் பில் விஷயமாகப் போனேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். ஹாலில் ரெண்டு புதுச் சட்டங்கள், பழைய தேக்குக்கு நடுவில் வெளுப்பாகத் தெரிந்தன. வாசலில் ஓரமாக ஒரு குவியல் கிடந்தது. நாங்கள் 60 ஆயிரம் போட்டு ஒட்டிய பாத்ரூம் டைல்ஸ்.

"கலர் பிடிக்கலப்பா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

மாடிக்குப் போகலாமா என்று கேட்டு ஏறினேன். கைப்பிடியை விட்டு வைத்திருந்தார்கள்.