இடப்பக்கத்து இருக்கை

சத்தம் முதலில் கேட்டது என் மனைவிக்குத்தான். ஏப்ரல் மாதம், மதுரையிலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். டி.கல்லுப்பட்டி தாண்டியதும், "என்னங்க, டர்ருன்னு ஏதோ கேக்குதே" என்றாள். நான் காதைக் கொடுத்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. ரோட்டில் ஜல்லி கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்கே கேட்டது. சின்ன வயதில் சைக்கிள் சக்கரக் கம்பியில் சிகரெட் அட்டையைச் செருகி ஓட்டுவோமே, அந்தச் சத்தம். டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து வந்தது. ஏசி ஓடும்போது மட்டும் வந்தது, அதுவும் எப்போதாவது. ஏசியை அணைத்தால் நின்றது. வேறென்ன வேண்டும் எனக்கு? கம்ப்ரஸர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஏசியை அணைக்கும்போது ப்ளோயரையும் சேர்த்து அணைக்கிறோம் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

வொர்க்‌ஷாப்புக்குப் போய் நான் சொன்ன முதல் வார்த்தையே, "தம்பி, கம்ப்ரஸர் போயிருச்சு போல" என்பதுதான். டாக்டரிடம் போய் வயிறு வலிக்கிறது என்று சொல்லாமல் வியாதியின் பெயரைச் சொன்ன கதை. அவர் ப்ளோயரை நான்காம் எண்ணில் வைத்தார், ஏசியைப் போட்டார், பானெட்டைத் திறந்து குனிந்தார். வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. "டக்"கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. "இதுவா சார்?" என்றார். இதுவாகத்தான் இருக்கும் என்றேன்.

அந்த "டக்" நல்ல சத்தம். ஏசி போட்டதும் கம்ப்ரஸர் முகப்பில் இருக்கும் காந்தச் சுருள் ஒரு தகட்டை இழுத்து, சுழன்றுகொண்டிருக்கும் புல்லியோடு ஒட்டவைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கிளட்ச் என்பது இதைத்தான். போதுமான குளிர் வந்ததும் விடும், சூடு ஏறினால் மறுபடி பிடிக்கும். ஆரோக்கியமான வண்டி நாள் முழுக்க இப்படி "டக்" போட்டுக்கொண்டுதான் இருக்கும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சொன்னதை ஒரு மெக்கானிக் ஆமோதிக்கிறார் என்பதுதான். அந்த சந்தோஷத்துக்கு விலை 22,000 ரூபாய். கம்ப்ரஸர், டிரையர், ஆயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து. கூடவே, "கேஸும் கம்மியாத்தான் சார் இருந்துச்சு" என்றார். அதற்கும் தலையாட்டினேன். பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். வருஷா வருஷம் கேஸ் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பாவமாக இருக்கிறது. நானும் நாலு வருஷம் அடித்தவன்தான்.

மூன்றாம் நாள் சத்தம் திரும்பி வந்தது.

மே மாதம் மறுபடி ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கினேன். கடையில் கூட்டம். இஞ்சினை அணைத்துவிட்டு, அவளுக்குக் காற்றாவது வரட்டும் என்று சாவியை ஒரு திருப்பு திருப்பி, பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று ப்ளோயரை இரண்டில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் சொன்னாள்: "இஞ்சின் ஓடாதப்பயும் அந்தச் சத்தம் கேட்டுச்சுங்க."

"இஞ்சின் ஓடலைன்னா ஏசியே ஓடாது. அப்புறம் எப்படி ஏசி சத்தம் வரும்?" என்று ஒரு போடு போட்டேன். அவள் பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ராஜபாளையம் வரை பேச்சில்லை. நான் சொன்னது சரிதான். சரியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. ஏசி ஓடாதபோதும் சத்தம் வருகிறதென்றால் அது ஏசியின் சத்தமே இல்லை. கம்ப்ரஸருக்குப் பெல்ட் வேண்டும், பெல்ட்டுக்கு இஞ்சின் வேண்டும். ப்ளோயருக்கு பேட்டரி போதும்.

இது எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, போர்டிகோவில் நின்ற வண்டியின் இடப்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். வாங்கிய ஆறு வருஷத்தில் அங்கே நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எட்டிச் சாவியைத் திருப்பினேன். ப்ளோயர் ஒன்றில் சத்தம் இல்லை. இரண்டில், என் முழங்காலுக்கு முன்னால், டர்ர்ர். மூன்றில் கொஞ்சம் தடுமாறியது. நான்கில் மறுபடி அமைதி.

வெயிலில் நான் எப்போதும் நான்கில் வைப்பவன். ஊர் தாண்டியதும் அவளுக்குக் குளிரெடுக்கும், கை நீட்டி இரண்டுக்குக் குறைப்பாள். சத்தம் "எப்போதாவது" வந்ததன் ரகசியம் இவ்வளவுதான். வொர்க்‌ஷாப்பிலும் நான்கில் வைத்துத்தான் பார்த்தார்கள்.

க்ளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் அமுக்கினால் அது கீழே தொங்கிவிடும். பின்னால் ஏசி ஃபில்டர் செருகும் இடம் காலியாக இருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பிப்ரவரியில் அதை உருவி எடுத்தவன் நான்தான். கறுத்துப்போய், இலை மக்கி நாறியது. எடுத்ததும் காற்று ஜோராக வந்தது. புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று மூடினேன், மறந்துபோனேன். வண்டி நிற்பதோ வேப்பமரத்தடியில். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்காத நாள் உண்டா? கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக விழுந்ததெல்லாம், தடுக்க ஆளில்லாமல், நேரே ப்ளோயருக்குள் இறங்கியிருக்கிறது.

தலைகீழாகப் படுத்து, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, ப்ளோயரைக் கீழே இறக்கினேன். எலிக்கூண்டுச் சக்கரம் மாதிரி வட்டமாகப் பட்டை பட்டையான இறக்கைகள். அதன் கூட்டில் ஒரு கைப்பிடி வேப்ப ஈர்க்கு. ஒன்று மட்டும் விரல் நீளத்துக்கு விறைப்பாக இருந்தது. மெதுவான காற்றில் அது அசையாமல் கிடக்கும், வேகமான காற்றில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், நடுத்தரத்தில் எழும்பி இறக்கையைத் தட்டும் என்று என் ஊகம். புது ஃபில்டர் 350 ரூபாய்.

வொர்க்‌ஷாப்காரரிடம் சண்டைக்குப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எந்த முகத்தோடு போவது? ஃபில்டர் இல்லை என்பதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

மனைவியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். "சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அடுத்த பயணத்தில் அவளாகவே ப்ளோயரை இரண்டுக்குக் குறைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. "என்னவாம்?" என்றாள். அப்போதுதான் ஈர்க்கு, ஃபில்டர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல" என்றுகூடக் கேட்கவில்லை. "அப்ப அந்தப் பழைய கம்ப்ரஸர்?" என்றாள்.

அது மாடிப்படிக்கு அடியில், சாக்கில் சுற்றியபடி கிடக்கிறது. ஒரு குறையும் இல்லாத கம்ப்ரஸர். பழைய இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கிறாள்.