சிந்துவதுதான் சேதி

தூத்துக்குடி,
மழை விடாத வெள்ளிக்கிழமை

ஏட்டி தங்கம்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம். அதற்கு முன் உனக்குச் சொல்ல ஒரு வம்பு சேர்த்து வைத்திருக்கிறேன். நம் செட்டுக்காரிகள் யாரைப் பற்றியும் இல்லை, பச்சையத்தைப் பற்றி. சிரிக்காதே, கேள்.

தீபாவளிக்கு அக்கா மகள் வந்திருந்தாள். கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறாளே, அவள்தான். முறுக்குப் பிழிய ஒத்தாசையாக இருப்பாள் என்று பார்த்தால், நான் ஆய்ந்து வைத்திருந்த முருங்கைக்கீரையில் ஒரு கை அள்ளி இடிகல்லில் போட்டு நசுக்கி, மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கினாள். அடுத்து காபி ஃபில்டரில் கை வைத்தாள். பதறிப்போய்ப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். வடிகட்டியதும் கண்ணாடி டம்ளரில் மரகதம் மாதிரி ஒரு பச்சைச் சாறு. எதிர்த்த மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கள்ளநோட்டு பார்க்கிற டார்ச்சை இரவல் வாங்கி வந்து, விளக்கையெல்லாம் அணைத்து, "சித்தி, இப்பப் பாருங்க" என்று அடித்தாள்.

பச்சை போய்விட்டது, தங்கம். டம்ளர் முழுக்க ரத்தச் சிவப்பு! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மைனி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

மூன்று வருஷம் தாவரவியல் படித்தோம். இலையை ஸ்பிரிட்டில் வேகவைத்தோம், அசிட்டோனில் பச்சையம் இறக்கினோம், தாளில் பட்டை பட்டையாகப் பிரித்துப் படம் வரைந்து கையெழுத்து வாங்கினோம். ஒரு டார்ச் அடித்துக் காட்ட அந்த லேபில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! அப்புறம் நானே முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். எனக்கும் தோன்றவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்தக் கடிதம்.

நமக்கு முந்தியே பார்த்தவர்கள் உண்டு. டேவிட் பிரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாம் சின்னதில் கண்ணில் வைத்துச் சுற்றிய கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர், 1834-லேயே இலைச்சாற்றுக்குள் ஒளியைப் பாய்ச்சி இந்தச் சிவப்பைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பெயர் வைக்க ஆள் வரவில்லை. 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வந்து, ஃபுளோரைட் என்ற கல்லின் பெயரிலிருந்து 'ஃபுளோரசன்ஸ்' என்றார். தமிழில் உடனொளிர்வு என்கிறார்கள். எனக்கு வெறும் ஒளிர்வு போதும்.

அசல் வம்பு 1931-ல், ஜெர்மனியில். ஹான்ஸ் கவுட்ஸ்கி என்ற வேதியியல்காரரும் ஹிர்ஷ் என்பவரும் இருட்டில் வைத்திருந்த உயிருள்ள இலைமேல் சட்டென்று ஒளியைப் பாய்ச்சி, சிவப்புக் கண்ணாடி வழியாக வெறும் கண்ணால் பார்த்தார்கள். இலை முதலில் பளிச்சென்று சிவந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிச் சில நிமிஷத்தில் அடங்கிவிட்டது. டம்ளர்ச் சாறு அப்படி மங்குவதில்லை. அப்படியானால் உயிருள்ள இலை அந்தச் சில நிமிஷத்தில் ஏதோ செய்கிறது. அது என்ன?

எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். உன் தெருமுனை டிபன் கடையை நினைத்துக்கொள். காலையில் ஷட்டர் ஏற்றியதுமே கூட்டம் மொத்தமாகப் பாய்கிறது. மேசைகள் ஒரு நொடியில் நிரம்பிவிடுகின்றன. உள்ளே மாஸ்டருக்கு இன்னும் கல்லே காயவில்லை. இடமில்லாத கூட்டம் தெருவில் வழிகிறது. கொஞ்ச நேரத்தில் கல் காய்ந்து, தோசை வர ஆரம்பித்து, தின்றவன் எழுந்து போக, தெருவில் நிற்கிற கூட்டம் குறைகிறது. இலையும் அதே கதைதான். பச்சையம் பிடித்த ஒளிக்கு மூன்று வழி: ஒளிச்சேர்க்கைக்குள் போகலாம், சூடாகிப் போகலாம், இல்லையென்றால் சிவப்பாகத் தெருவில் சிந்தலாம். சாற்றில் கடையே இல்லை, கூட்டம் மட்டும்தான். அதனால் பச்சையம் பிடித்ததில் கிட்டத்தட்டக் கால்பங்கு சிவப்பாக வழிந்துவிடுகிறது. உயிருள்ள இலை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சிந்தும். அந்த ஒன்றிரண்டைப் பார்த்தே உள்ளே வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடலாம்.

கவுட்ஸ்கி பாவம்! அதே காலத்தில், கிளர்ச்சியடைந்த ஒருவகை ஆக்சிஜன் இருக்கிறது என்றும் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள் நம்ப மறுத்தார்கள். அவர் சொன்னது சரிதான் என்று ஊர் ஒப்புக்கொள்ள 1960-கள் வரவேண்டியிருந்தது. நம் வீடுகளில் மூத்த மருமகள் சொன்ன யோசனையை மாமனார் பத்து வருஷம் கழித்துத் தன் யோசனையாகச் சொல்வாரே, அந்த நினைப்புதான் வந்தது.

இப்போது இதற்குக் கருவியே இருக்கிறது. உல்ரிச் ஷ்ரைபர் என்ற ஜெர்மானியரும் கூட்டாளிகளும் 1986-ல் வெளியிட்ட முறை. வெயிலிலேயே, இலையைப் பறிக்காமல் அளந்துவிடலாம். சூட்சுமம் இதுதான்: இலையைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்து, கடை காலியாக இருக்கும்போது தெருவில் எவ்வளவு சிந்துகிறது என்று ஒரு கணக்கு. அப்புறம் கண்கூசும் ஒரு ஒளித்துடிப்பு. வேண்டுமென்றே ஒரு கும்பலை ஏவிவிட்டு எல்லா மேசையையும் நிரப்பிவிட்டு எவ்வளவு சிந்துகிறது என்று இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாவதால் வகுத்தால் ஒரு எண். ஆரோக்கியமான தரைத்தாவரம் எதை எடுத்தாலும் சுமார் 0.83 வருமாம். ஆலமரமோ அருகம்புல்லோ, கிட்டத்தட்ட ஒரே மார்க்! கடலின் நுண்பாசிகளுக்கு உச்சமே 0.65 பக்கம்தான்.

அக்கா மகள் அந்தக் கருவியோடு மன்னார் வளைகுடாவில் முங்குகிறாள். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கிற பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. 2010 கோடையிலும் 2016 கோடையிலும் தண்ணீர் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்துப்போனது உனக்கு நினைவிருக்கும். வெளுப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பல சமயம் இந்த எண் இறங்க ஆரம்பித்துவிடுமாம். "நாடி பிடிக்கிற மாதிரி, சித்தி" என்றாள்.

ஆனால் பெரிய கூத்து நடுக்கடலில். உலகத்தின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதியைச் செய்வது கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிகள். அதிலும் ஒரு புதிர். சில பெருங்கடல் பகுதிகளில் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தாராளமாகக் கிடந்தும் பாசி வளர்வதில்லை. இரும்பு இல்லை என்றார் ஜான் மார்ட்டின். கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தை நடத்தியவர். இளமையில் போலியோ வந்து ஊன்றுகோலோடு நடந்த மனுஷன், வாய் மட்டும் வஞ்சகமில்லாத வாய். அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், பனியுகத்தையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று 1988-ல் ஒரு கூட்டத்தில் விளையாட்டாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாராம். பாசி வளர்ந்தால் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துக்கொண்டு செத்து அடியில் போகும், பூமி குளிரும் என்பது கணக்கு. ஒளிச்சேர்க்கைக் கருவியை ஒருதரம் கட்டவே இருபதுக்கு மேற்பட்ட இரும்பு அணுக்கள் வேண்டும். நமக்கு ரத்தசோகை மாதிரி கடலுக்குப் பச்சைசோகை. முருங்கைக்கீரை சூப்பா வைத்துக் கொடுக்க முடியும்?

1993-ல் காலபாகோஸ் தீவுகளுக்குத் தெற்கே கொடுத்தே பார்த்தார்கள். கடலில் இரும்பைக் கரைத்துவிட்டு ஒளிர்வை அளந்தால், ஒரே நாளில் எண் ஏற ஆரம்பித்துவிட்டது. பாசி பெருகக்கூட நேரமில்லை, அதற்குள் உள்ளே கல் காய்ந்துவிட்டது! மார்ட்டின்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சில மாதம் முன்னால் புற்றுநோயில் போய்விட்டார். அந்த இடம் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

நம் பக்கத்து வம்பும் உண்டு. பாசிகள் சிந்தும் சிவப்பை வானத்திலிருந்தே ஒரு செயற்கைக்கோள் கருவி பார்க்கிறது. 2002-ல் ஏவியது. 2009-ல் அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் இந்தியப் பெருங்கடல் எதிர்பாராதபடி சிவந்து தெரிந்தது. காற்று அடிநீரைக் கிளப்பி மற்ற சத்தையெல்லாம் மேலே கொண்டுவருகிறது, கூடவே வரும் இரும்பு பற்றவில்லை. அரிசி மூட்டை வந்து இறங்கியும் அடுப்பில்லாத வீடு.

அதே 2009-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென் அட்லாண்டிக்குக்குக் கிளம்பின. லோஹாஃபெக்ஸ் என்று பெயர். 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. ஜனவரியில் கேப் டவுனிலிருந்து கப்பல் புறப்பட்ட பிறகு, கடலில் இரும்பு கொட்டுவது அடுக்குமா என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்க்க, ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகமும் தடை சொல்ல, இரும்பை ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்த பிறகு ஜாதகம் பார்த்த கதை! மாதக் கடைசியில்தான் சரி என்றார்கள். சுமார் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டார்கள்.

எண் ஏறியது. இரண்டு வாரத்தில் பாசியும் இரட்டிப்பானது. அப்புறம் நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? கோப்பிபாட் என்ற குட்டி உயிர்கள் வந்து மேய்ந்துவிட்டன. அவற்றைத் தின்ன இறால் மாதிரி இன்னொன்று வந்துவிட்டது. கண்ணாடிக் கூடு கட்டி, கனத்து அடியில் அமிழக்கூடிய டயட்டம் பாசிகள் வளர அந்தத் தண்ணீரில் சிலிக்கா இல்லை. கடைசியில் ஆழத்துக்குப் போன கரி சொற்பம். பனியுகமாவது ஒன்றாவது!

இங்கேதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒளிர்வு பொய் சொல்லவில்லை. பாசி தேறிவிட்டது என்று சொன்னது, தேறித்தான் இருந்தது. ஆனால் பையன் தின்று தேறியிருக்கிறான் என்பது ஒரு சேதி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவான் என்பது வேறு சேதி. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள அந்தச் சனங்கள் வாரக்கணக்கில் குளிரில் கூடவே மிதந்து, யார் யாரைத் தின்கிறார்கள் என்று வலை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

டம்ளர்ச் சாறு ஜன்னலோரத்தில் வெயில் பட்டு நாலே நாளில் பாசிப்பயறுக் கஞ்சி நிறமாகிவிட்டது. நீயும் ஒருநாள் செய்து பார். அடுப்புப் பக்கம் மட்டும் ஸ்பிரிட்டைக் கொண்டுபோகாதே, டார்ச்சைக் கண்ணில் அடிக்காதே.

சரி, உன் மூன்று 'நல்லா இருக்கேன்'. சிந்தியதை நான் பார்த்துவிட்டேன். ஆனால் உள்ளே என்ன, யார் எதைத் தின்கிறார்கள் என்று போனில் தெரியாது. அதனால் அடுத்த வியாழன் முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு வாரம் இருப்பேன். "எதுக்கு வீண் செலவு" என்று பதில் போடாதே, அதையும் நான்கு தடவை எழுதுவாய்.

மக்ரூன் வாங்கி வருகிறேன். முருங்கைக்கீரையும்தான், இந்தத் தடவை பொரியலுக்கு.

உன்,
பழைய ரெக்கார்டு நோட்டுத் திருடி