நாகையில் நின்ற பள்ளி

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. பிள்ளைகள் பயிலும் இடம் பள்ளி, இசுலாமியர் தொழும் இடம் பள்ளிவாசல், சிற்றூரும் பள்ளியே. நாம் பணியாற்றும் அத்திப்பட்டுக்கு அருகே, கடலோரத்தில் துறைமுகம் அமைந்துள்ள காட்டுப்பள்ளியின் பெயரிலும் அச்சொல் வாழ்கிறது. துறவியர் கூடி வாழ்ந்த மடத்தையும் நம் முன்னோர் பள்ளி என்றே அழைத்தனர். அம்மடங்களுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'பள்ளிச்சந்தம்' என்கின்றன.

அத்தகைய பள்ளிகளுள் புகழ் பெற்றது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் சூடாமணிவர்மன் தொடங்கிய இப்பௌத்த மடத்தை அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்துத் தந்தையின் பெயரைச் சூட்டினான். சிவனடியாராகிய முதலாம் இராசராசன் 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினான். அக்கொடையை அவன் மகன் இராசேந்திரன் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். பிற்காலத்தில் டச்சுக்காரரால் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால், 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதி பெரிய லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றது. எருசலேம் ஆலயம் மீண்டும் எழப் பாரசீக மன்னன் சைரசு துணைநின்றதைத் திருநூலில் வாசிக்கும் நமக்கு, வேற்றுச் சமயத்து மன்னனின் இப்பெருந்தன்மை புரியாததன்று.

காலம் மாறியது; துறவியர் மறைந்தனர். பௌத்தப் பள்ளிகளின் எச்சமாகக் கருதப்பட்ட ஒரு செங்கற்கோபுரம் மட்டும் கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்றது. ஐரோப்பியர் அதனைச் 'சீனக் கோபுரம்' என்றனர். 1846-இல் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட், மூன்று நிலைகளும் நாற்புறச் சுவர்களும் கொண்டதாய், கூரையிழந்து நின்ற அதன் தோற்றத்தை எழுதி வைத்தார்.

அந்நிலத்தில் கல்விப்பணி ஆற்றியவர்கள் இயேசு சபைத் துறவியர். அவர்கள் 1844-இல் நாகையில் தொடங்கியதே தூய வளனார் கல்லூரி. கட்டடம் எழுப்ப அவர்களுக்கு இடம் தேவைப்பட்டது. இடிபாடு ஆபத்தானதாகவும் தோன்றியது. அரசின் அனுமதியுடன் 1867-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. பதினாறே ஆண்டுகளில், 1883-இல், கல்லூரி திருச்சிராப்பள்ளிக்கு இடம் பெயர்ந்தது! அங்கே அது எத்தனை தலைமுறைகளுக்கு அறிவூட்டியது என்பதை நாம் அறிவோம். எனினும், எண்ணூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் ஒரு சாட்சி பதினாறு ஆண்டுத் தேவைக்காக மறைந்தது என்னும் உண்மையும் உடன் நிற்கிறது.

1856 முதல் 1934 வரை நாகையில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அப்புத்தர் திருமேனிகளின் முன் நிற்கும்போது, யாரோ ஒரு துறவி விடியற்காலையில் இவற்றின் முன் அமர்ந்து செபித்திருப்பாரே என்று நாம் எண்ணாதிருக்க முடிவதில்லை.

இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரை எட்டாம் என்றி மன்னன் துறவு மடங்களைக் கலைத்ததை எண்ணிக் கத்தோலிக்கர் இன்றும் வருந்துகின்றனர். கூரையிழந்த அம்மடங்களுக்காக இரங்கும் நெஞ்சம் நாகைப் பள்ளிக்காகவும் இரங்குவதே முறை. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துரைத்தது. இடித்தவர்களின் தலைமுறைக்கு அவ்வொளி கிட்டியிருக்கவில்லை, நமக்குக் கிட்டியிருக்கிறது.

இஃது ஏதோ பழங்கதையன்று. பங்குதோறும் பழைய ஆலயத்தை இடித்துப் பெரிய ஆலயம் எழுப்பும் ஆர்வம் வளர்ந்து வருகிறது. மக்கள் பெருகும்போது இடம் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் பங்குப்பேரவை தீர்மானம் எழுதுமுன் சில வினாக்களைக் கேட்கலாகாதா? அச்சுவர் உண்மையாகவே செப்பனிட இயலாததா? அதனை எழுப்ப எந்தெந்தக் குடும்பங்கள் தம் ஒருநாள் உழைப்பை ஈந்தன? பீடமும் கல்லறை எழுத்துகளும் அளவெடுத்து, படமெடுத்துப் பதிவு செய்யப்பட்டனவா? எலியட் எழுதி வைத்திராவிடில், நாகைக் கோபுரத்தின் வடிவத்தைப் பற்றிய நம் அறிவு மிகவும் குன்றியிருக்கும்.

ஆலைகளும் துறைமுகங்களும் ஊரின் முகத்தையே மாற்றிவரும் இக்கரையில், பழையதைப் போற்றுவது சோம்பல் என்று நம் இளைஞர்கள் எண்ணலாம். முன்னோர் செபித்த இடத்தில் நாமும் முழந்தாளிடுவது சோம்பலன்று. விசுவாசம் நம்மோடு தொடங்கவில்லை என்னும் நன்றியுணர்வு அது. புதிய ஆலயத்தின் வரைபடத்தை விரிக்கும் அன்பர்கள், முதலில் பழைய ஆலயத்துள் சென்று சிறிது நேரம் அமைதியாய் அமர்வார்களாக.