ஒரு கால் போதும்!

உங்கள் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலமா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி! ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நிறுத்தினால் நுனிக்கால்தான் தரையைத் தொடும். பக்கத்தில் தண்ணி லாரி உறுமும்போது அடிவயிறு கலங்கும்.

‘ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து அறுத்துட்டா வண்டி இறங்கிடும் சார்’ என்பார்கள். வேண்டாங்க! அறுத்த ஸ்பிரிங் ஒழுங்காக உட்காராது; பள்ளத்தில் டயர் மட்கார்டை இடிக்கும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில்பார் மந்தமாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய், நிறுத்தின வண்டி மறுபக்கம் சாயும்.

முதலில் சீட் தைப்பவரிடம் போங்கள். முன்பக்க ஃபோமைக் குறைத்து, ஓரங்களை ஒடுக்கச் சொல்லுங்கள். நான் செய்தது அவ்வளவுதான். முன்பாதம் பதிந்தது, பயம் போச்சு. அதுவும் போதவில்லையா? 765 மில்லிமீட்டர் சீட்டோடு மீட்டியோர் 350 இருக்கிறது. சஸ்பென்ஷனைத் தொட்டே ஆகணும் என்றால், தெரிந்தவரிடம் கொடுத்து முன்னும் பின்னும் சேர்த்தே இறக்குங்கள். ஸ்டாண்டையும் ஹெட்லைட்டையும் மறக்காதீர்கள்.

ரெண்டு காலும் ஊன்றணும் என்று சட்டமில்லை. இடது கால் உறுதியாக ஊன்றினால் போதும். வலது காலுக்கு பிரேக் வேலை இருக்கிறதே!