ஒரு வாசல், மூன்று அறைகள்

எங்கள் துறை ஆய்வகத்தில் மூன்று கணினிகள் சர்வர்களாக இயங்குகின்றன. வெளியுலகுக்கு அம்மூன்றுக்கும் ஒரே இணைய முகவரிதான். 32 பிட் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகுக்கு அவை போதா. எனவே ஒரு முகவரியைப் பல கணினிகள் பகிரும் முறை 1994-இல் வெளியிடப்பட்டது.

ஆய்வகத்தில் உதவி செய்து வந்ததால் ரூட்டரின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. அவை கதவு எண்கள் போல. 2201-க்கு வருவோரை முதல் கணினிக்கும், 2202, 2203-க்கு வருவோரை மற்ற இரண்டுக்கும் அனுப்புமாறு அமைத்தேன். அன்றிரவு விடுதியிலிருந்தே மூன்றையும் இயக்கினேன். உள்ளம் துள்ளியது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மறுவாரம் பதிவுகளைப் பார்த்தேன். முன்பின் அறியாதோர் இரவெல்லாம் கடவுச்சொல்லை ஊகித்து முட்டிப் பார்த்திருந்தனர். உள்ளேயோ இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் கோப்புகள்! நல்லவேளை, எவரும் நுழையவில்லை. சத்தமின்றி அடைத்துவிடலாம் என்றது மனம். சொன்னால் கல்லூரியை விட்டே நீக்கிவிடுவார்களோ? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆயினும் பேராசிரியரிடம் உண்மையைக் கூறினேன்.

கடிந்துகொண்டார், பின் அருகில் அமர்த்திக் கற்றுத் தந்தார். இரண்டு கதவுகளை அடைத்தோம். முதல் கணினியை வாயிற்காவலன் ஆக்கினோம். அதில் கடவுச்சொல் செல்லாது. சாவிக் கோப்பு வைத்திருப்பவருக்கே வழி. அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் செல்லலாம்.

நண்பர்களே, கதவைத் திறக்க ஓர் இரவில் கற்றேன். காக்கக் கற்றது, தவற்றை ஒப்புக்கொண்ட அந்த மாலையில்தான்.