பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்த தேனீ

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், கன்றுத்தோலில் எழுதிய சட்டச் சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் சட்டம் வருவதற்கு முன்பு, அந்த நாட்டு ஜனங்கள் தங்களுக்குள் வழக்குத் தீர்த்துக்கொண்ட முறை அதில் இருக்கிறது. தீர்ப்பு சொன்னவர்களுக்குப் பிரெஹன் என்று பெயர். அதனால் இது பிரெஹன் சட்டம். மூலம் 7, 8-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. இருக்கிற சுவடிகள் பின்னால் படியெடுத்தவை. அந்தக் காலத்தில் அங்கே நாணயம் அடிக்கவில்லை. கறவை மாடுதான் கணக்கு. சட்டத்தைப் புரட்டினால் வேலி, வாய்க்கால், மாடு என்று நம் பஞ்சாயத்துப் பேச்சு மாதிரியே இருக்கும்.

தேனீக்கு மட்டும் தனி நூலே உண்டு. 'என் நிலத்துப் பூவில் மேய்ந்து உன் கூட்டில் தேன் சேர்க்கிறதே' என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயம் என்கிறது அந்த நூல். மாடு புகுந்து மேய்வதும் தேனீ புகுந்து மேய்வதும் ஒன்றுதானாம். ஆனால், புதிதாகத் தேனீ வைப்பவருக்கு மூன்று வருஷம் விலக்கு. நான்காம் வருஷம் முதலில் பிரியும் கூட்டத்தைப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த வருஷங்களில் மற்றவர்களுக்கு. தேனீ வந்தால் மகரந்தச் சேர்க்கை நடந்து பக்கத்துக்காரருக்கும் லாபம்தான் என்பது அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் அபராதமாகத் தேனீயையே கொடுக்கச் சொன்னதில் விவரம் இருக்கிறது. புகார் சொன்னவரும் தேனீக்காரர் ஆகிவிடுகிறாரே!

தேனீ கொட்டினால்? கொட்டுப்பட்டவருக்கு வயிறாரத் தேன் தர வேண்டும். ஆனால், கொட்டிய தேனீயை அடித்துக் கொல்லவில்லை என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். கண் போனால் ஒரு கூடு, உயிர் போனால் இரண்டு கூடு. கொங்கல் என்ற மன்னன் தேனீயால் ஒரு கண்ணை இழந்து, அந்த ஊனத்தால் பட்டத்தையும் இழந்தான் என்று அதே நூல் சொல்கிறது.

ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோக வழி கேட்டால், நடுவில் இருக்கும் நிலத்துக்காரர் மறுக்க முடியாது. அதற்கு உரிய விலையையோ, ஆலையில் அரைக்க ஒரு முறையையோ வாங்கிக்கொள்ளலாம். பெரிய மனிதரிடம் கடன் வசூலிக்கும் வழிதான் இன்னும் விசேஷம். அவர் வீட்டு வாசலில் கடன் கொடுத்தவர் பட்டினி உட்காருவார். அதற்கும் மசியாதவருக்கு, தனக்கு வர வேண்டிய பாக்கியைச் சட்டப்படி கேட்கும் உரிமையே போய்விடும். நம் நாட்டுத் தர்ணாவும் பழைய நாளில் கடன்காரர் வாசலில் நடந்ததுதான்.

17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். நிலம் ஜமீன்தார்கள் கைக்குப் போய், பாடுபட்டவர் குத்தகைதாரர் ஆனார். 1903-ல் வந்த சட்டத்தின்படி அரசு கடன் கொடுத்து, அறுபத்தெட்டரை வருஷத் தவணையில் நிலத்தை அவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தது.

பழைய சட்டத்தில் மாடு அத்துமீறினால் அபராதம் நிச்சயம். அதற்கென்றே அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே பிணை கொடுத்து வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் வழியில் வந்த சட்டமோ, வேலி தாண்டி ரோட்டுக்கு வந்த மாட்டில் வண்டி மோதினால், மாட்டுக்காரரின் கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்க விடவில்லை. அயர்லாந்து பாராளுமன்றம் அந்த விலக்கை நீக்கியது 1985-ல்தான்.