தானியங்கிக் கேமராவும் நம் பிள்ளைகளின் முகமும்



படம் எடுப்பது இன்று மிக எளிதாகிவிட்டது. சபைகூடல், விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா என்று ஆண்டு முழுவதும் நம் பள்ளிகளில் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சீருடை பளிச்சென்று இருக்கும். பின்னால் கட்டிய பதாகையின் எழுத்துகளைத் தெளிவாகப் படிக்கலாம். பிள்ளையின் முகம் மட்டும் இருண்டு கிடக்கும்.

"பிள்ளை கொஞ்சம் கறுப்பு, படத்தில் அப்படித்தான் விழும்" என்று நம்மில் பலர் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். இவ்விளக்கம் சரியன்று. பிள்ளையின் நிறத்தில் குறை ஏதும் இல்லை. கேமராவின் விலையிலும் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பை முழுவதுமாகக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் பொத்தானை மட்டும் அழுத்துகிறோம் என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசளிப்பு விழாவின் படங்களைப் பலகையில் ஒட்டியிருந்தோம். அவற்றின் முன் வெகுநேரம் நின்றிருந்த ஒரு தாயார், "டீச்சர், இதுல என் மகன் எங்கே?" என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் ஏந்திய கோப்பை மின்னியது. முகம் இருந்த இடத்தில் ஒரு கரிய நிழல்தான் இருந்தது. அந்தப் படங்களை எடுத்தவர் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட தொழில்முறைக்காரர். விலை உயர்ந்த கேமராதான் வைத்திருந்தார். அதன் திருகு விழா முடியும்வரை 'ஆட்டோ'விலேயே நின்றிருந்தது. அந்தத் தாயாரின் கேள்விதான் என்னை ஒளிப்படக்கலை நூல்களைத் தேடிப் படிக்க வைத்தது. படித்தவற்றையும் பயின்றவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், கேமரா எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பார்ப்போம். கேமராவினுள் ஓர் ஒளிமானி உண்டு. எதிரே இருப்பது பிள்ளையா, சுவரா, வானமா என்பது அதற்குத் தெரியாது. அது காண்பதெல்லாம் திரும்பி வரும் ஒளியின் அளவை மட்டுமே. ஆகவே, உலகம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது கருதிக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. காட்சி வெளுப்பாக இருந்தால் ஒளியைக் குறைத்துச் சாம்பலாக்கும். கறுப்பாக இருந்தால் ஒளியைக் கூட்டிச் சாம்பலாக்கும்.

இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சட்டகம் முழுவதையும் நிறைக்கும்படி ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுங்கள். அடுத்து ஒரு கறுப்புத் துணியை அவ்வாறே எடுங்கள். தானியங்கி முறையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். என் மாணவர்கள் இதைக் கண்டு சிரித்தார்கள். "கேமராவுக்குக் கறுப்பு வெள்ளை தெரியாதா, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்பதே விடை.

இப்போது நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, பின்னால் வெயில் காயும் திடல், மேலே வெளுத்த வானம். நடுவில் ஒரு மாநிற முகம். காட்சியில் பெரும்பகுதி வெளுப்பு என்பதால் கருவி ஒளியைக் குறைக்கிறது. சட்டை நன்றாக விழுகிறது, முகம் பலியாகிறது. புதிய கேமராக்களும் கைப்பேசிகளும் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு சரிசெய்கின்றன. ஆயினும் எதிர்வெயிலிலும் மேடை விளக்கிலும் அவை இன்னும் தடுமாறுகின்றன.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. வண்ணச் சுருள்கள் புழங்கிய காலத்தில், படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படத்தைப் பயன்படுத்தின. 1950-களில் கோடக் நிறுவனம் அனுப்பிய அப்படத்தில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். அவர் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' எனப்பட்டது. அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. மற்றவர் முகங்கள் அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றன. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ரோத் இவ்வரலாற்றை 2009-இல் விரிவாக எழுதினார். பழுப்பு நிறச் சாயல்கள் படத்தில் சரியாக விழவில்லை என்று கோடக்கிடம் முறையிட்டவர்களுள் சாக்லெட் நிறுவனங்களும் மரத் தளவாட நிறுவனங்களும் முக்கியமானவை என்று அவர் காட்டுகிறார். மனித முகத்திற்காக நடக்க வேண்டிய திருத்தம் நாற்காலிக்காகவும் இனிப்புக்காகவும் நடந்தது! பல இனத்தவரும் இடம்பெற்ற மாதிரி அட்டை 1990-களில்தான் வந்தது.

இலக்கக் காலத்திலும் அக்கறை தாமதமாகத்தான் வந்தது. 2021-இல் கூகள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில் 'ரியல் டோன்' என்னும் வசதியைச் சேர்த்து, கருந்தோல் முகங்களைச் சரியாகப் பதிவுசெய்ய முனைந்தது. 2022-இல் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் வகுத்த 10 படிநிலைத் தோல்நிற அளவுகோலையும் வெளியிட்டது. ஆக, 'ஆட்டோ' என்பது நடுநிலையான ஒன்றன்று. நம் பிள்ளைகளைக் கண்டிராத ஒருவர் எங்கோ அமர்ந்து முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவு அது.

அம்முடிவை நம் கைக்குக் கொண்டுவர மூன்று செய்திகளை அறிந்தால் போதும்.

முதலாவது, வில்லையின் துளை. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். ஒவ்வொரு படியிலும் உட்புகும் ஒளி பாதியாகும். ஏன் இந்த விந்தையான எண்கள்? ஒவ்வோர் எண்ணையும் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அடுத்த எண் கிடைக்கும். துளையின் விட்டம் அந்த அளவில் குறையும்போது பரப்பளவு சரிபாதியாகிறது. கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடம். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். 1/60 நொடியிலிருந்து 1/125 நொடிக்குப் போனால் ஒளி பாதியாகும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். 100-லிருந்து 200-க்குப் போனால் படத்தின் வெளிச்சம் இருமடங்காகும். மிகவும் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

இம்மூன்றையும் நான் பயின்ற இடம் பத்து காவான்தான். பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து பூலாவ் அமானுக்குப் படகுகள் புறப்படும். 1/30 நொடியில் எடுத்தால் ஓடும் படகு கலங்கித் தெரியும். 1/500 நொடியில் எடுத்தால் சிதறும் நீர்த்துளியும் உறைந்து நிற்கும். 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் துளையைப் பற்றிக் கற்பித்தது. எஃப் 2.8-இல் அருகில் நிற்கும் ஆள் தெளிவாகி, பாலம் மங்கிப் போகும். எஃப் 11-இல் இரண்டும் தெளிவாகும். இதற்குப் பயிற்சி மையமோ கட்டணமோ தேவைப்படவில்லை. ஒரே காட்சியை எண்களை மாற்றி மாற்றி எடுத்து, குறிப்பேட்டில் எழுதி, வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாம் மாணவர்களுக்குச் சொல்லும் அறிவியல் சோதனை முறைதான் இது: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே.

பழைய ஒளிப்படக்காரர்களின் கணக்கு ஒன்றும் பெரிதும் உதவியது. நல்ல வெயிலில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/125 என்று வைத்தால் படம் சரியாக விழும். அதே நேரத்தில் கட்டட நிழலில் நிற்பவருக்கு எஃப் 4 வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நான்கு படி வேறுபாடு. அதாவது நிழலில் உள்ள ஒளி வெயிலின் பதினாறில் ஒரு பங்கு. நிழலில் பிள்ளையும் பின்னால் வெயிலடிக்கும் திடலும் ஒரே படத்தில் ஏன் சரியாக வருவதில்லை என்பது இக்கணக்கால் விளங்கும்.

இனி, முகத்திற்கு வருவோம்.

திடலின் நடுவில் நண்பகலில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கண்கள் இருட்டுக் குழிகளாகிவிடும். நடைவழியின் ஓரத்திற்கு அழைத்து வாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மென்மையாக விழும். சட்டைக்கும் முகத்திற்கும் உள்ள வேறுபாடும் குறையும். பின்னணியில் வெயில் இல்லாமல் சுவரோ மரமோ இருக்கட்டும்.

கேமராவில் 'புள்ளி அளவீடு' இருந்தால் அதை முகத்தின் மீது வைத்து அளவெடுங்கள். மாநிறத் தோல், கருவி எதிர்பார்க்கும் சாம்பலுக்கு அருகில் இருப்பதால் அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். மிகவும் கருத்த முகமாயின் அரைப் படி அல்லது ஒரு படி குறையுங்கள். இல்லாவிட்டால் கருவி அதனையும் வெளுத்துக் காட்டும். வெளுத்த முகமாயின் ஒரு படி கூட்டுங்கள். கைப்பேசியாயின் திரையில் முகத்தைத் தொடுங்கள். தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்துங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் துளையை மாற்ற முடியாது. ஆனால் இந்த ஒரு செயலே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

மேடையில் ஆடும் பிள்ளைகளுக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். நெற்றி பளபளக்கும், பின்னணி இருளில் மூழ்கும். துளையை அகலத் திறந்து, ஷட்டரை 1/125-க்குக் குறையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1600 அல்லது 3200 வரை உயர்த்துங்கள். படத்தில் சிறிது புள்ளி விழுந்தாலும் முகம் இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். முகத்தைத் தெளிவாகக் காட்டுவது வேறு, வெளுப்பாக்குவது வேறு.

ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியைச் சுவரிதழுக்காகப் படம் எடுக்கப் போனபோது, "டீச்சர், அந்த பியூட்டி போட்டு எடுங்களேன். வெள்ளையா வரும்" என்றாள். பத்து வயதுக் குழந்தை. கைப்பேசியில் உள்ள அழகூட்டும் வசதி தோலை வழித்து நிறத்தை வெளுக்க வைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் முகம் படத்துக்கு உரியதன்று என்பதையும் யாரோ அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். இருண்டுபோன பள்ளிப் படங்களும் அப்பாடத்தைக் கற்பித்தவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவளை நூலகச் சன்னலருகே அமர வைத்தேன். ஒளி ஒரு கன்னத்தில் விழுந்து மறு கன்னத்திற்குப் பரவியது. முகத்தில் அளவெடுத்து, அரைப் படி குறைத்து, ஒரு படம் எடுத்துக் காட்டினேன். நிறம் மாறவில்லை, அவள் நிறம்தான். கன்னத்தில் ஒளியின் மினுக்கம் இருந்தது, கண்ணில் சன்னல் தெரிந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது நானா?" என்றாள். பிறகு, "அம்மாவுக்கு அனுப்புங்க டீச்சர்" என்றாள். பியூட்டியைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

கருமையில் அழகைக் காட்டும் இக்கலை தமிழருக்குப் புதிதன்று. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா (1939-2014) இயற்கை ஒளியைப் பெரிதும் நம்பிப் படம் எடுத்தவர். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் மாநிற முகத்தை அவர் பூச்சால் மறைக்கவில்லை. அவ்வேடத்திற்காக அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. வாய்ப்புக் கிடைத்தால் மூத்த மாணவர்களுடன் அப்படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பத்து காவானில் இது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாகவும் பின்னர் செம்பனைத் தோட்டமாகவும் இருந்த மண் இது. இன்று தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் பல குடும்பங்களில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு எண்ணிக்கையில் குறைவில்லாமல் படங்கள் இருக்கும். அவற்றில் அவர்கள் முகம் இருக்குமா என்பதே கேள்வி.

ஆகவே பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளையைச் சன்னலருகே நிறுத்தி ஐந்து படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை ஒரு படி மாற்றுங்கள். எது தன்னைப் போல் இருக்கிறது என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு கேமராவைப் பிள்ளையிடம் கொடுத்து உங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அடுத்த விழாவுக்கு ஒளிப்படக்காரரை அழைக்கும்போது, "பதாகை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முயன்று பாருங்கள். எடுத்த படங்களைப் பற்றி எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன்.